மடுவில் மிஞ்சிய மீனை விட்டுவிடுங்கள்

அக்னி நட்சத்திரம் முடியும் நாட்களில் பவானியின் கிளை ஆறுகளும் பள்ளங்களும் மெலிந்து, மடுக்களில் மட்டும் தண்ணீர் நிற்கும். மீன் பிடிக்க இதைவிடச் சுலபமான காலம் இல்லை. பிடிக்கக் கூடாத காலமும் இதுதான்.

நம் பவானிக்குத் தண்ணீர் தரும் நீலகிரி உச்சியில் டிரவுட் என்றொரு குளிர்நாட்டு மீன் வாழ்கிறது. 1860களில் பிரான்சிஸ் டே என்ற மருத்துவர் அதைக் கொண்டுவர முயன்று தோற்றார். எச்.சி.வில்சன் 1907இல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகே வானவில் டிரவுட் அங்குள்ள ஓடைகளில் நிலைத்தது. இறகையும் நூலையும் தூண்டில் முள்ளில் கட்டிப் பூச்சி போலாக்கி, நீர்மேல் வீசித் துரைமார்கள் பிடித்தார்கள். பொழுதுபோக்குக்காக வந்த மீன்தான். அதனால் மலைக்கு நன்மையா தீமையா என்பது வேறு விவாதம்.

ஆனால் இந்தத் தூண்டில்காரர்களிடம் நாம் கற்க ஒன்று உண்டு. தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் டிரவுட் தவிக்கத் தொடங்கும். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் கோடைக் கடைசியில் ஆறு சூடேறினால், பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை தூண்டில் போடத் தடை விதிக்கிறார்கள். பிடித்துவிட்டுத் திரும்ப விட்டாலும், களைத்த மீன் மூச்சு வாங்க முடியாமல் செத்துப்போகும் என்பதே காரணம்.

நீர் சூடேறச் சூடேற அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். 10 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 11 மில்லிகிராம் தங்கும். 20 டிகிரியில் 9. 30 டிகிரியில் ஏழரைதான். கட்லாவும் ரோகுவும் டிரவுட்டைவிடச் சூடு தாங்கும். என்றாலும் அவற்றுக்கும் ஓர் எல்லை உண்டு.

பண்ணைக்குட்டை வைத்திருக்கும் உழவர்கள் இதைக் கண்ணால் பார்த்திருப்பீர்கள். ஓடும் ஓடையில் விடியற்காலை மீனுக்கு நல்ல நேரம். பாசி படர்ந்த குட்டையில் அதுவே மோசமான நேரம். இரவெல்லாம் பாசியும் ஆக்சிஜனை இழுத்துவிடும். மீன்கள் மேலே வந்து வாயைப் பிளந்தால் அன்று தீவனம் வேண்டாம், சாணமும் கரைக்க வேண்டாம். மோட்டாரைப் போட்டுப் புதுத் தண்ணீரை உயரத்திலிருந்து சிதறி விழ விடுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைவு என்பதால், குழாயை நீருக்குள் முக்கி வைத்தால் பலன் கிடைக்காது.

குட்டைக்கு மோட்டார் உண்டு. ஆற்று மடுவுக்கு யார் இருக்கிறார்கள்? அங்கே ஒதுங்கியிருப்பவை தாய் மீன்கள். தென்மேற்குப் பருவமழையின் புது வெள்ளம் வந்ததும் எதிரேறி முட்டையிட வேண்டியவை. அந்த மடுவில் பிளீச்சிங் பவுடரைக் கொட்டுவதும் தோட்டா போடுவதும் விதைநெல்லைக் குத்திப் பொங்கித் தின்பதற்குச் சமம். பெரிய மீன் நாலு கிடைக்கும். குஞ்சும் நண்டும் தவளையும் சேர்ந்து அழியும். அந்த நீரைக் குடிக்கும் ஆடுமாடு உங்களுடையதுதான்.

இது குற்றமும்கூட. நஞ்சு கலந்தோ வெடி வைத்தோ மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே தடுக்கிறது. நீலகிரியில் 1879லேயே வேட்டை விலங்குகளையும் மீன்களையும் காக்கத் தனிச் சட்டம் வந்தது. துரைமார் தங்கள் தூண்டிலுக்காகப் போட்டுக்கொண்டது என்று சொல்லலாம். நம் ஆற்று மீனுக்கு அந்த அளவு அக்கறையாவது நமக்கு வேண்டாமா?

வேளாண், மீன்வளத் துறைக் களப்பணியாளர்கள் ஜூன் மழைக்கு முன்பே ஆற்றோர ஊர்களில் இதைப் பேச வேண்டும். மடுவுக்கு மேலே உள்ள தோட்டத்தில் மருந்தடிப்பவர்கள் டேங்கையும் காலி டப்பாவையும் பள்ளத்தில் கழுவாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது. மழை பிடித்து ஆறு ஓடத் தொடங்கிய பின், மீன்கள் முட்டையிட்டு முடிக்கும் வரை பொறுத்திருந்து தூண்டிலை எடுங்கள்.