காருக்கு வயது 15! விற்பதா, வைத்துக்கொள்வதா?

தமிழ்நாட்டில் அரசாங்க ஊழியருக்கு 60 வயதில் ஓய்வு. மோட்டார் காருக்கு எத்தனை வயதில் ஓய்வு?

டெல்லியில் கேட்டால் ஒரு பதில் வரும். தமிழ்நாட்டில் வேறு பதில். பட்டறையில் கை எல்லாம் கிரீஸுடன் நிற்கும் மெக்கானிக்கைக் கேட்டால் மூன்றாவது பதில் கிடைக்கும். பழைய கார் வைத்திருக்கும் குடும்பம் இந்த மூன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் நல்ல வண்டியைப் பயந்துபோய் விற்க நேரிடும். அல்லது கெட்ட வண்டிக்குப் பணத்தைக் கொட்ட நேரிடும்.

டெல்லியில் நடந்தது

டெல்லியில் காற்று மிகவும் கெட்டுப்போய்விட்டது. குளிர் காலத்தில் எதிரே வரும் ஆள் தெரியாத அளவுக்குப் புகை மூடுகிறது. அதனால் 10 வயதைத் தாண்டிய டீசல் வண்டியும், 15 வயதைத் தாண்டிய பெட்ரோல் வண்டியும் அங்கே ஓடக்கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னது. 2018-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதி செய்தது.

உத்தரவு பல ஆண்டுகள் காகிதத்திலேயே இருந்தது. 2025 ஜூலை 1-ந் தேதி திடீரென்று அதற்கு உயிர் வந்தது. பெட்ரோல் பங்குகளில் கேமரா வைத்தார்கள். வண்டியின் நம்பரைக் கேமரா படிக்கும். வயதான வண்டி என்றால் பெட்ரோல் கிடையாது!

ஜனங்கள் கொதித்தார்கள். "என் வண்டி புகையே விடவில்லையே, அதற்கு ஏன் தண்டனை?" என்று கேட்டார்கள். சில நாட்களிலேயே அந்தத் தடை தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்டு 12-ந் தேதி, வயதை மட்டும் காரணம் காட்டி நடவடிக்கை எடுக்கவேண்டாம் என்று சுப்ரீம் கோர்ட்டு கூறியது. ஆனால் டிசம்பரில் அந்தச் சலுகையைச் சுருக்கியது. பி.எஸ்.-4 தரத்துக்கும் அதற்கு மேற்பட்ட தரத்துக்கும் உட்பட்ட வண்டிகளுக்கு மட்டுமே பாதுகாப்பு என்றாயிற்று. அதற்கு முந்திய தரத்து வண்டிகளுக்கு இல்லை.

பி.எஸ். என்பது புகையின் அளவைக் கட்டுப்படுத்தும் தரம். எண் கூடக் கூடப் புகை குறையவேண்டும். நாடு முழுவதற்கும் பி.எஸ்.-4 வந்தது 2017 ஏப்ரலில். பி.எஸ்.-6 வந்தது 2020 ஏப்ரலில்.

நமக்கு என்ன சட்டம்?

தமிழ்நாட்டில் சொந்தக் காருக்கு அப்படி வயதுத் தடை இல்லை. இதைப் பலர் அறியாமல், "15 வருஷம் முடிந்தால் போலீஸ் பிடித்துக்கொள்ளும்" என்று பயப்படுகிறார்கள். புரோக்கர்களும் அந்தப் பயத்தை வளர்த்து, வண்டியை அடிமாட்டு விலைக்குக் கேட்கிறார்கள்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குப்பின் வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோய்க் காட்டி, சோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பித்துத் தருவார்கள். பிறகு இன்னும் 5 ஆண்டு. பசுமை வரி கட்டவேண்டும். இன்ஷூரன்சும் புகைச் சான்றும் கையில் இருக்கவேண்டும்.

ஆனால் கட்டணம் ஏறிவிட்டது. காரின் பதிவைப் புதுப்பிக்க முன்பு 600 ரூபாய். 2022 ஏப்ரல் முதல் அது 5,000 ரூபாய். 20 வயதைத் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாய் ஆக்கினார்கள். 20 வயது மோட்டார் சைக்கிளுக்கு 2,000 ரூபாய். பழைய வண்டிகளைச் சாலையிலிருந்து மெல்ல மெல்ல வெளியேற்றவே இந்த ஏற்பாடு.

இது நியாயமா? பாதி நியாயம் என்றுதான் சொல்லவேண்டும். பழைய வண்டி அதிகம் புகை விடும் என்பது பொதுவாக உண்மை. லட்சக்கணக்கான வண்டிகளை ஒவ்வொன்றாகச் சோதிப்பதைவிட, பிறந்த தேதியைப் பார்ப்பது சுலபம். ஆனால் ஒழுங்காகப் பராமரித்தவனும், ஒரு சொட்டு ஆயில்கூட மாற்றாதவனும் ஒரே கட்டணம் கட்டுகிறார்களே! பிரேக்கையும் புகையையும் எந்திரத்தில் அளந்து பார்க்கும் சோதனை நிலையங்கள் நாட்டில் வந்துகொண்டிருக்கின்றன. அவை எல்லா ஊர்களுக்கும் வந்துவிட்டால் வயதுக் கணக்குக்கு வேலையே இல்லை.

ஒரு குடும்பத்தின் கணக்கு

காஞ்சீபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்தை எடுத்துக்கொள்வோம். வேகவதி ஆற்றுக்கு அப்பால் உள்ள சமணக் காஞ்சி. அங்கே ஒரு நெசவுக் குடும்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா தறியில். மகன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் தொழிற்சாலையில். வீட்டில் ஒரு சான்ட்ரோ கார். 2011-ல் பதிவானது. இரண்டாம் கையாக வாங்கியது. ஓடியது ஒன்றரை லட்சம் கிலோமீட்டர்.

சான்ட்ரோ வேறு எங்கோ பிறந்த வண்டி அல்ல. இதே காஞ்சீபுரம் மாவட்டத்தில், இருங்காட்டுக்கோட்டையில் உள்ள ஹூண்டாய் தொழிற்சாலையில் செய்தது. 1998-ல் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது.

புதுக் கார் வாங்க 5 லட்சம் ரூபாய் கடன் எடுத்தால், நூற்றுக்கு ஒன்பதரை வட்டியில் 5 ஆண்டுகளுக்கு மாதம் ஏறக்குறைய 10,500 ரூபாய் கட்டவேண்டும். வருஷத்துக்கு 1 லட்சத்து 26 ஆயிரம். பழைய காருக்கு ஆண்டுக்கு 40,000 ரூபாய் ரிப்பேர் செலவு வந்தாலும், பதிவுக் கட்டணத்தையும் சேர்த்து, அது பாதிக்கும் குறைவு. பட்டு வியாபாரம் ஒரு பருவம் மந்தமானால் பழைய கார் வீட்டிலேயே நிற்கும். கடன் நிற்குமா?

ஆகவே கணக்கு பழைய காரின் பக்கம்தான். ஆனால் ஒரு நிபந்தனை. நடுவழியில் காலை வாரக்கூடாது! அப்பாவுக்கு நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் சென்னை ஆஸ்பத்திரி 75 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது.

48 லட்சம் கிலோமீட்டர்!

ஒன்றரை லட்சம் அதிகமா? அமெரிக்காவில் இர்வ் கோர்டன் என்ற பள்ளி ஆசிரியர் இருந்தார். 1966-ல் ஒரு வால்வோ கார் வாங்கினார். 2013-ல் அந்தக் கார் 30 லட்சம் மைலைத் தாண்டியது. நம் கணக்கில் 48 லட்சம் கிலோமீட்டர்! கின்னஸ் புத்தகத்திலும் இடம் பெற்றது. 2018-ல் அவர் இறந்துவிட்டார்.

என்ன மாயம் செய்தார்? ஒன்றும் இல்லை. கம்பெனி கொடுத்த கையேட்டில் போட்டிருந்தபடி செய்தார். குறித்த நேரத்தில் ஆயில் மாற்றினார். சத்தம் மாறினால் உடனே பார்த்தார். என்ஜினைப் பிரித்துச் சீரமைக்கவேண்டிய காலம் வந்தபோது அதையும் செய்தார்.

கியூபா நாட்டிலும் 1950-களின் அமெரிக்கக் கார்கள் டாக்சியாக ஓடுகின்றன. அமெரிக்கா வணிகத் தடை போட்டதால் புது வண்டியும் வரவில்லை, உதிரிப் பாகமும் வரவில்லை. வேறு வண்டியின் டீசல் என்ஜினைத் தூக்கி மாட்டி ஓட்டுகிறார்கள். கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அது வேறு வழி இல்லாதவர்களின் வைத்தியம். நமக்கு அந்தக் கதி இல்லை.

எதைக் கவனிப்பது?

முதலில் ஆயில். என்ஜினுக்குள் இரும்பும் இரும்பும் உரசாமல் காப்பது அதுதான். கையேட்டில் உள்ள தூரம் வரும்வரை காத்திராமல், பழைய வண்டிக்குச் சற்று முன்னதாகவே மாற்றுவது நல்லது. கார் ஓடாவிட்டாலும் வருஷத்துக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும். வாரம் ஒருமுறை காலையில், என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, அளவுக் குச்சியை எடுத்துத் துடைத்துப் பாருங்கள். இதற்கு மெக்கானிக் வேண்டாம். படிக்கிற பெண்பிள்ளையே பார்த்துவிடலாம். குச்சியில் இரண்டு கோடுகள் இருக்கும். ஆயில் அவற்றுக்கு நடுவில் நிற்கவேண்டும். ஆயில் பால் கலந்த காப்பி போல் இருந்தால் உள்ளே தண்ணீர் கலக்கிறது என்று அர்த்தம். வண்டியை எடுக்காதீர்கள்.

அடுத்தது சூடு. நம் ஊர் வெயிலில் பழைய காரின் பெரிய எதிரி இதுதான். வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை அன்று காஞ்சீபுரம் தெருக்களில் கார் ஊர்ந்துதான் போகும். காற்று படாது. ரேடியேட்டர் விசிறி ஓடாவிட்டால் பத்தே நிமிஷத்தில் முள் சிவப்புக்குப் போய்விடும். உடனே ஓரங்கட்டி என்ஜினை நிறுத்துங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். கொதிநீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும். "வீட்டுக்குப் போய்விடலாம்" என்று இன்னும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டினால், 300 ரூபாய் ரப்பர்க் குழாயோடு போகவேண்டிய செலவு என்ஜின் தலையைப் பிரிக்கும் வரை போகும்.

ரேடியேட்டரில் கிணற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் ஊற்றுவது பழைய வழக்கம். அந்த உப்பு உள்ளே படிந்து வழியை அடைக்கும். கூலன்ட் ஊற்றுவதே சரி.

சான்ட்ரோ போன்ற பல வண்டிகளில் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை உண்டு. அது தேய்வது வெளியே தெரியாது. சத்தம் போடாது. ஒரு நாள் அறுந்துவிடும். அறுந்தால் என்ஜினுக்குள் வால்வும் பிஸ்டனும் மோதி வளைந்துபோகும். இரண்டாம் கையாக வாங்கிய காரில் பெல்ட் எப்போது மாற்றியது என்று தெரியாவிட்டால், மாற்றவே இல்லை என்று வைத்துக்கொண்டு மாற்றிவிடுங்கள். மீட்டரை நம்பாதீர்கள். மீட்டர் 40,000 காட்டும். பிரேக் பெடலின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருக்கும். எது பொய் சொல்கிறது?

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பூ தேயாமல் இருந்தாலும் வருஷம் ஆக ஆக ரப்பர் இறுகி வெடிக்கும். பிரேக் ஆயில் காற்றில் உள்ள ஈரத்தை உறிஞ்சும். அதை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.

நெசவு வீட்டாருக்கு ஒரு சௌகரியம் உண்டு. நாடா ஓடும் சத்தம் கொஞ்சம் மாறினாலும் அவர்கள் காதுக்குத் தெரிந்துவிடும். அந்தக் காதை காருக்கும் கொடுத்தால் போதும்.

இன்னொன்றும் அவர்கள் அறிந்ததே. பட்டுப் புடவையை ஆண்டுக்கணக்கில் ஒரே மடிப்பில் பெட்டியில் வைத்தால் மடிப்பிலேயே ஜரிகை ஒடியும். காரும் அப்படித்தான். முகூர்த்தத்துக்கு மட்டும் எடுத்து, மற்ற நாளெல்லாம் போர்த்தி வைத்தால் பேட்டரி இறங்கும். ரப்பர் காயும். பஸ் நிலையம் வரை மட்டும் போய்த் திரும்பினாலும் கெடுதல்தான். என்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவதால் ஆயிலில் ஈரம் தங்கிவிடுகிறது. வாரம் ஒரு நாள் வாலாஜாபாத் வரையாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

புதிய பெட்ரோல், பழைய குழாய்

இப்போது பங்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலிலிருந்து வந்த கார்களின் பாகங்கள் இதற்கு ஏற்றவை. பழைய கார்களுக்கு? மைலேஜ் குறையும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வடிவமைத்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் குறையும் என்று 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. சில பழைய வண்டிகளில் 20,000, 30,000 கிலோமீட்டர் ஓடியபின் ரப்பர் பாகங்களை மாற்ற நேரலாம் என்று பெட்ரோலிய அமைச்சகம் 2025-ல் கூறியது. அதிகச் செலவு இல்லை என்றும் கூறியது. செலவு குறைவுதான். ஆனால் பெட்ரோல் குழாய் வெடித்துக் கசிந்தால் தீ பிடிக்கும். ஆகவே சர்வீசுக்கு விடும்போதெல்லாம் "பெட்ரோல் குழாயைப் பார்த்தீர்களா?" என்று கேளுங்கள்.

எப்போது விடைகொடுப்பது?

அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், என்ஜின் நீலப் புகை விட்டு, பிரித்துச் சீரமைக்கும் செலவு வண்டியின் விலையைத் தாண்டினால், உதிரிப் பாகம் எங்கும் கிடைக்காவிட்டால் வைத்திருப்பதில் பயன் இல்லை.

அப்போதும் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உங்கள் பெயரில் உள்ள நம்பரோடு அந்த வண்டியோ, நம்பர் பலகையோ வேறு கைக்குப் போனால் போலீஸ் உங்கள் வீட்டுக் கதவைத்தான் தட்டும். அரசாங்கத்தில் பதிவுபெற்ற வாகன உடைப்பு நிலையத்தில் ஒப்படைத்தால் சான்றிதழ் தருவார்கள். அதைக் காட்டினால் புது வண்டியின் சாலை வரியில் சலுகை கிடைக்கும். அதோடு ஆர்.டி.ஓ. ஆபீசில் பழைய ஆர்.சி. புத்தகத்தை ரத்து செய்துவிட்டு, ரத்து செய்த காகிதத்தை வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.