முதியோர் பராமரிப்பு: பொறுப்பேற்க நம் வாலிபர்கள் தயாரா?



காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம் என எந்த ஊரை வேண்டுமானாலும் எடுத்துக் கொள்ளுங்கள். பெரிய பெரிய வீடுகள். பல வீடுகளில் எழுபதைத் தாண்டிய உம்மாவும் வாப்பாவும் மட்டும்தான். பிள்ளைகள் துபாயிலும் ரியாத்திலும். பணம் மாதம் தவறாமல் வருகிறது. ஆனால், ஒளுச் செய்யப் போன வாப்பா வழுக்கி விழுந்தால் தூக்கிவிட ஆள் இல்லை!

பெற்றோர் கடமை பற்றிய 17:23 வசனம் நமக்கு மனப்பாடம். பிள்ளைகள் கைவிட்டால் கோட்டாட்சியரிடம் முறையிட்டு ஜீவனாம்சம் பெற 2007ஆம் ஆண்டின் சட்டமும் வழி செய்திருக்கிறது. நம் ஊர்களில் பல வீடுகளில் குறை பணமல்ல. விஷயம் தெரிந்த ஆள்தான். படுத்த படுக்கையாய் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் புண் வரும் என்று தெரிந்த ஆள். ரமளான் வருமுன்பே, சர்க்கரை நோயாளி நோன்பு வைக்கலாமா, இன்சுலினை எப்போது எவ்வளவு போடுவது என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வைக்கும் ஆள்.

"முதியோர் இல்லமா? அது மேல்நாட்டு நாகரிகம்!" என்று சிலர் சீறுவார்கள். நாம் இல்லம் கட்டச் சொல்லவில்லை. வீடு தேடிச் செல்லும் பயிற்சி பெற்ற குழுவும், அதை நடத்தும் ஒரு பொறுப்பாளரும் வேண்டும் என்கிறோம். யார் எந்த வீட்டுக்கு எத்தனை மணிக்குப் போவது, மாத்திரை மாறிவிட்டதா, எப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவது, ஊழியருக்குச் சம்பளம், வெளிநாட்டு மகனிடம் உள்ளதை உள்ளபடி சொல்வது என இத்தனையும் அவர் தலையில்தான்.

இதற்குப் படிப்பு உண்டு. பி.எஸ்சி. நர்சிங் நான்கு ஆண்டு. பட்டதாரிகளுக்கு சமூகப் பணி முதுகலை இரண்டு ஆண்டு. முடித்ததும் நாற்காலி கிடைத்துவிடாது; சில ஆண்டுகள் கட்டிலோரம் நின்றவர்தான் பிறரை வேலை வாங்க முடியும். "கழுவித் துடைக்கும் வேலை" என்று முகம் சுளிக்கும் வாலிபர்களே, விசா கிடைத்தால் அங்கே எதைக் கழுவவும் நாம் தயங்குவதில்லையே!

பெண்பிள்ளைகளை நர்சிங் படிக்க அனுப்ப மாட்டோம். உம்மாவைக் குளிப்பாட்ட மட்டும் பெண் நர்ஸ் வேண்டும். இது என்ன நியாயம்?

வணிகப் பெருமக்களே! 1280களில் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய மருத்துவமனை வக்ஃப் வருமானத்தில்தான் நடந்தது. நம் ஜமாஅத்துகளுக்கும் வக்ஃப் கடைகள் இருக்கின்றன, பைத்துல்மால் இருக்கிறது. ஆம்புலன்ஸ் வாங்கிப் பெயர் பொறிக்க முன்வருகிற நீங்கள், பயிற்சி பெற்ற ஒருவருக்கு மாதச் சம்பளம் தர முன்வாருங்கள். வக்ஃபு செய்தவரின் நிபந்தனை இடம் தருகிறதா என்பதை உலமாக்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.

அடுத்த ஜமாஅத் கூட்டத்தில் இரண்டே காரியம்: தனியே வாழும் முதியவர்களின் பட்டியலை மஹல்லாவாரியாக எடுங்கள். வரும் கல்வியாண்டில் ஓர் ஆணையும் ஒரு பெண்ணையும் தேர்ந்தெடுத்து, படிப்புக் கட்டணத்தை நீங்களே கட்டி அனுப்புங்கள்.