எருமை நாக்கு: பண்ணைக்கு முன் சோதனை வேண்டும்

தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த என் அக்கா மகன், “எருமை நாக்கைப் பண்ணையில் வளர்த்தால் என்ன மாமா?” என்று கேட்கிறான். கோட்டைப்பட்டினம் ஏலத்தில் கணக்கு எழுதிப் பிழைத்தவன் நான். அவன் கேட்பதில் நியாயம் இருக்கிறது. சாதாரண நாக்கு மீன் மெலிந்தது. எருமை நாக்கு என்ற தட்டை மீனோ அரை மீட்டருக்கு மேலும் வளரும். சதை கெட்டி, முள் குறைவு. ஆனாலும் ஏலத்துக்கு அது கூடை கூடையாக வருவதில்லை; விசைப்படகு வலையில் மற்ற மீனோடு ஒன்றிரண்டாகத்தான் ஏறும்.

எந்த மீனை வளர்ப்பதற்கும் முதலில் குஞ்சு வேண்டும். சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997இல் கொடுவாவைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்ய வைத்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம் 2010இல் கடல் விராலிலும், அடுத்த ஆண்டு பாம்பனோவிலும் அதைச் சாதித்தது. ஐரோப்பாவின் தட்டை மீனான டர்பட் வளர்ப்பு 1970களில் ஸ்காட்லாந்தில் தொடங்கி ஸ்பெயினுக்குப் போனது. அங்கே போதிய குஞ்சு கிடைக்காமல் தொடக்கத்தில் பண்ணைகள் பெருகவில்லை.

தட்டை மீனில் இந்த வேலை இன்னும் கடினம். பொரிக்கும்போது அதுவும் மற்ற மீன்களைப் போல நிமிர்ந்து நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண்ணோடு. வளர வளர ஒரு கண் மறுபக்கம் நகரும். எருமை நாக்கில் அந்தக் கண் தலையின் விளிம்போடு நின்றுவிடும். அதனால் பெரிதான பிறகும் அது நிமிர்ந்து நீந்தக்கூடியது. பொரிப்பகங்களில் வளரும் தட்டை மீன்களில் கண் சரியாக நகராதவையும் நிறம் வெளுத்தவையும் தோன்றுவது பல நாடுகளின் அனுபவம். அவற்றுக்கு விலை கிடைக்காது.

கடலில் குஞ்சு பிடித்து வளர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் எதிர்ப்பேன். நம் பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். கடற்புல் படுகைகளில்தான் பல மீன்களின் குஞ்சுகள் ஒதுங்குகின்றன. தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை 2022இல் கடற்பசுக் காப்பகமாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் புல்லுக்குள் குஞ்சு வலை இழுக்க விடக் கூடாது.

குஞ்சை விட என்னை உறுத்துவது தீனி. எருமை நாக்கு மீன் தின்னும் மீன். பச்சை மீன் போட்டு வளர்த்தால் ஒரு கிலோ சதைக்கு ஐந்து கிலோவோ அதற்கு மேலோ கொட்ட வேண்டிவரும். அது எங்கிருந்து வரும்? வலையில் சேர்ந்து வரும் பொடி மீனான சங்காயத்திலிருந்துதான். பொடி மீனை வாரும் வலையைக் கைவிடச் சொல்லி ஒரு பக்கம் மன்றாடிக்கொண்டு, மறுபக்கம் அந்தப் பொடியை வாங்கப் புதிதாக ஆள் சேர்ப்பதா? காரலும் சூடையும் தீனித் தொட்டிக்குப் போனால், அவற்றை வாங்கிக் கருவாடு போட்டு விற்கும் பெண்கள் எதை விற்பார்கள்? தட்டை மீன் வளர்ப்பில் பேர்போன தென்கொரியாவின் ஜேஜு தீவிலேயே பச்சை மீனை அரைத்துப் பிசைந்த தீனி இன்னும் ஒழியவில்லை. எருமை நாக்கு உலர்ந்த குருணைத் தீனியை ஏற்கிறதா என்பதைத்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டும். ஏற்கவில்லையென்றால் இந்தப் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம்.

இடமும் ஒரு கேள்வி. தரையில் படுக்கும் மீனுக்குக் கூண்டின் ஆழத்தால் பயனில்லை. தரைப் பரப்புதான் கணக்கு. கரையில் ஆழம் குறைந்த தொட்டி கட்டி ஓயாமல் கடல்நீர் இறைக்க வேண்டும். கோடையில் நம் கடல் சுடும். டர்பட்டோ குளிர்நீர் மீன்; அதன் வளர்ச்சிக் கணக்கை வைத்து இங்கே லாபம் போட முடியாது.

மண்டபம் விஞ்ஞானிகளுக்கு ஒரு வேண்டுகோள். விசைப்படகில் நசுங்கி வருவது பிழைக்காது. நாட்டுப்படகு வலையில் உயிரோடு சிக்குவதை வாங்கித் தொட்டியில் விட்டுப் பாருங்கள். ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் இறங்கும் ஒவ்வொரு எருமை நாக்கையும் ஓராண்டு அளந்து, சினை பார்த்து எழுதுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கும் 61 நாள் அதற்கு முட்டையிடும் காலம்தானா என்பதும் அதில் தெரிந்துவிடும். இந்த விவரங்கள் கைக்கு வரும்வரை எருமை நாக்குப் பண்ணைக்கு அரசு மானியம் அறிவிக்கக் கூடாது. அந்தப் பணத்தை, பொரிப்பகக் குஞ்சும் குருணைத் தீனியும் ஏற்கெனவே கிடைக்கும் கொடுவாவை வளர்க்க முன்வரும் நம் இளைஞர்களுக்குக் கொடுங்கள்.