சிறுபான்மை வாக்கின் வலிமை

மலேசிய நாடாளுமன்றத்தின் மக்களவையில் 222 தொகுதிகள் உள்ளன. ஒவ்வொரு தொகுதியிலும் மற்றவர்களைவிட அதிக வாக்குகள் பெறும் ஒருவரே உறுப்பினராகிறார். இந்தியர்கள் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி ஒன்றுகூட இல்லை. இதனால், "நம் வாக்கால் என்ன மாறிவிடப் போகிறது?" எனச் சிலர் கேட்கின்றனர். இக்கருத்து ஏற்புடையதன்று.

முதலாவதாக, சில வேளைகளில் மிகக் குறைந்த வாக்குகளே வெற்றியைத் தீர்மானிக்கின்றன. 2022ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில், சிலாங்கூரின் கோலா சிலாங்கூர் தொகுதியில் வென்றவருக்குக் கிடைத்த பெரும்பான்மை ஏறத்தாழ 1000 வாக்குகளே. அத்தகைய தொகுதியில் எந்தச் சமூகத்தின் வாக்கும் சிறியதன்று.

இரண்டாவதாக, கிள்ளான் போன்ற பல்லினத் தொகுதியில் ஒரே மொழியினரை மட்டும் நம்பி வெல்வது கடினம். எனவேதான், வேட்பாளர்கள் மலாய், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் ஆதரவு திரட்டுகின்றனர். பிரிக்ஃபீல்ட்ஸ் கடைவீதிக்கு அவர்களை வரவழைப்பதும் மக்களின் வாக்குரிமையே. வாக்களிக்காத சமூகத்தின் குறைகளைக் கேட்க வருவோர் குறைவு.

2021 டிசம்பர் 15 முதல், 18 வயது நிறைந்த குடிமக்கள் தாமாகவே வாக்காளர்களாகப் பதிவு செய்யப்படுகின்றனர். எனினும், அடையாள அட்டையில் உள்ள முகவரியே அவர்களின் தொகுதியை முடிவு செய்கிறது. வேலை தேடிக் கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியேறியவர் முகவரியை மாற்றாவிட்டால், அவர் வாக்கு பழைய ஊரிலேயே இருக்கும்.

ஆகவே, இளையோர் முகவரியைச் சரிபார்த்து, வேட்பாளர்களின் திட்டங்களை ஆராய்ந்து, தவறாமல் வாக்களிக்க வேண்டும். எண்ணிக்கையில் சிறிய சமூகம் வாக்களிப்பில் பின்தங்கக் கூடாது.