இழுவண்டிச் சக்கரங்களுக்குச் சமன் வேண்டுமா?

டயர் மாற்றியபின் காரின் சக்கரத்தைப் பொறியில் ஏற்றிச் சுழற்றி, எடை குறைந்த பக்கத்தில் சிறு உலோகக் கட்டியைப் பொருத்திச் சமன் செய்வது இன்று வழக்கமாகிவிட்டது. பட்டறைகளில் இதனை வீல் பாலன்சிங் என்பர். ஆனால் வாகனத்தின் பின்னே பூட்டி இழுக்கப்படும் வண்டிகளின் சக்கரங்களுக்கும் இது வேண்டுமா என்பதில் கருத்து வேற்றுமை நிலவுகின்றது. ஐரோப்பிய நாடுகளில் காரின் பின்னே இழுத்துச் செல்லப்படும் காரவான் என்னும் வீட்டுவண்டியைப் பற்றி இவ்வினா நெடுங்காலமாக எழுந்து வருகின்றது. இந்நாட்டில் காரவான் அரிது. எனினும் நீர்த்தொட்டி வண்டி, ஜெனரேட்டர் ஏற்றிய வண்டி, விளைபொருள் ஏற்றும் டிரெய்லர் ஆகியன கள அலுவலகங்கள் பலவற்றில் உள்ளன. ஆதலின் வினா இந்நாட்டுக்கும் உரியதே.

பொதுவாகக் கூறப்படும் விடை, “இது ஸ்டீயரிங்கோடு இணைந்த சக்கரமன்று, எனவே சமன் வேண்டுவதில்லை” என்பதாகும். இவ்விடை வண்டியின் வகையைக் கருதுகின்றதேயன்றி, அதன் வேகத்தைக் கருதவில்லை. சமனின் தேவையைத் தீர்மானிப்பது வேகமேயாகும்.

எந்த டயரும் சுற்றிலும் ஒரே எடை உடையதன்று. பல அடுக்குகளை இணைத்துச் செய்யப்படுவதால், இணைப்பு விழும் இடங்கள் சற்றே கனத்திருக்கும். ரிம்மிலும் வால்வு உள்ள பக்கம் எடை மாறும். புதிய டயரின் கனத்த பகுதி ரிம்மின் எப்பகுதியோடு சேரும் என்பது பெரும்பாலும் தற்செயலானது. ஆகவே பழைய டயருக்காகப் பொருத்திய உலோகக் கட்டி புதிய டயருக்குப் பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. சக்கரம் சுழலும்போது மிகுதியான எடை மைய விலக்கு விசையால் அச்சை வெளிநோக்கி இழுக்கின்றது. இவ்விசை வேகத்தின் இருமடிக்கு நேர் விகிதத்தில் வளர்வதாகும். வேகம் இரட்டித்தால் விசை நான்கு மடங்காகும்.

ஓர் எடுத்துக்காட்டால் இது விளங்கும். தரையிலிருந்து அச்சு வரை 32 செ.மீ. உயரமுள்ள சக்கரத்தில், மையத்திலிருந்து 20 செ.மீ. தொலைவில் 50 கிராம் எடை மிகுந்துள்ளதாகக் கொள்வோம். மணிக்கு 4 கி.மீ. செல்லும் எருதுகளின் நடையில், அவ்வெடை தரும் இழுப்பு சுமார் 12 கிராம் எடைக்கே சமம். டிராக்டர் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் இழுக்கும்போது அது சுமார் 300 கிராம். மணிக்கு 80 கி.மீ. வேகத்திலோ, ஏறத்தாழ 5 கிலோகிராம். அவ்வேகத்தில் சக்கரம் விநாடிக்கு 11 முறை சுழல்வதால், இந்த இழுப்பு விநாடிக்கு 11 முறை மேலும் கீழும் மாறி மாறி அச்சைத் தாக்குகின்றது. வில்லின்கீழ்த் தொங்கும் சக்கரமும் அச்சும் இயல்பாகத் துள்ளும் அதிர்வெண் பல வாகனங்களில் விநாடிக்கு 10 முதல் 15 வரை உள்ளது. ஊஞ்சலை அதன் ஆட்டத்திற்கு இசையத் தள்ளினால் ஆட்டம் பெருகுவது போல, இவ்விரு எண்களும் நெருங்கும்போது அதிர்ச்சியும் பெருகும்.

ஐதராபாத்தை அடுத்த பட்டான்செருவில் இவ்விருவகை வேகங்களையும் அருகருகே காணலாம். 1972 ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பட்ட இக்ரிசாட் என்னும் அனைத்துலகப் பயிராராய்ச்சி நிலையம், மானாவாரி வேளாண்மைக்கென எருதுகள் இழுக்கும் சக்கரக் கருவிவண்டிகளை ஆராய்ந்தது. பிரெஞ்சு நாட்டவரான ழான் நோல் வகுத்த டிராப்பிகல்ட்டர் அவற்றுள் ஒன்று. பிரிட்டனின் வேளாண் பொறியியல் நிலையத்துடன் சேர்ந்து உருவாக்கப்பட்ட நிகார்ட் மற்றொன்று. காற்றடைத்த டயர்கள் பூண்ட இவ்வண்டிகள், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் அமைந்த சால்களின் வழியே சென்று, இடையிலுள்ள அகலப் பாத்திகளை உழவும் விதைக்கவும் பயன்பட்டன. தட்டை எடுத்துப் பலகை பூட்டினால் பாரவண்டியாகவும் ஆகும். இவற்றின் சக்கரங்களுக்குச் சமன் செய்திருந்தால் அது வீண் செலவே. இரு டயர்களிலும் ஒரே காற்றழுத்தம், சால்களுக்குப் பொருந்திய சக்கர இடைவெளி, கிரீஸ் வற்றாத பேரிங் ஆகியவையே அங்கு இன்றியமையாதன. தமிழ்நாட்டின் டயர் வண்டிகளுக்கும் இதுவே பொருந்தும்.

அதே பட்டான்செருவின் ஊடே ஐதராபாத்திலிருந்து மும்பை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை ஓடுகின்றது. நகரைச் சுற்றிய வெளிவட்ட விரைவுச் சாலையும் அருகே அதனைக் கடக்கின்றது. ஜீப்பின் பின்னே பூட்டிய டிரெய்லர் வயலைவிட்டு அச்சாலையில் ஏறியவுடன், எருதுவண்டிக்குரிய நியாயம் அதற்குப் பொருந்தாமற் போகின்றது. ஜெர்மனியில் காரவான் இழுக்கும் காருக்குப் பொதுவான வேக வரம்பு மணிக்கு 80 கி.மீ.; உரிய தகுதி இருப்பின் விரைவுச் சாலையில் 100 கி.மீ. அவ்வேகங்களில் அங்கு சமன் வேண்டும் எனின், இங்கும் வேண்டுவதே முறை.

ஸ்டீயரிங் இல்லை என்னும் வாதத்தை ஊன்றி நோக்கினால் அது எதிர்ப்பக்கமே சாய்கின்றது. காரின் முன்சக்கரம் சமன் இழந்தால் ஸ்டீயரிங் நடுங்கி ஓட்டுநரின் கைக்கு அறிவிக்கும். இழுவண்டியின் சக்கரம் ஆடினால் அறிவிப்பார் எவருமிலர். டயர் ஒருபுறம் திட்டுத்திட்டாகத் தேய்கின்றது, பேரிங் தளர்கின்றது, ஏற்றியுள்ள நுண்கருவியின் அளவுக் குறி பிறழ்கின்றது. பின்னர் டயர் காலத்திற்கு முன்னே கழிக்கப்படும்போது, பதிவேட்டில் “டயர் தரக்குறைவு” என்றோ “சாலை மோசம்” என்றோ எழுதப்படுகின்றது. காரணம் தவறாகப் பதிவானால், அடுத்த டயரும் அவ்வாறே கழியும். பொதுப்பணத்திற்கு நேரும் இந்த இழப்பு ஒருபுறமிருக்க, தேய்ந்த டயர் விரைவுச் சாலையில் வெடித்தால் பின்வரும் வாகனத்தில் உள்ளோரின் உயிருக்கே ஆபத்தாகும்.

எனினும், சமன் செய்தல் எல்லா ஆட்டத்திற்கும் மருந்தன்று. வளைந்த ரிம், தளர்ந்த பேரிங், வட்டம் கெட்ட டயர் ஆகியவற்றை உலோகக் கட்டியால் திருத்த இயலாது. கரிசல் நிலத்திலிருந்து வெளிவரும் வாகனத்தில் மற்றொரு காரணமும் உண்டு. ரிம்மின் உட்புறம் ஒரு பக்கமாக அப்பிக் காய்ந்த மண் 200 கிராம் இருப்பினும், மேற்கூறிய கணக்கின்படி மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் அது ஏறத்தாழ 20 கிலோகிராம் இழுப்பைத் தரும். ஆகவே பட்டறைக்குச் செல்லுமுன் ரிம்மின் உட்புறத்தைக் கழுவுதல் முதற் கடமை. மேலும், சமன் பொறிகள் பெரும்பாலும் நடுத்துளையைக் கொண்டே சக்கரத்தைப் பிடிக்கின்றன. சில இழுவண்டிச் சக்கரங்களோ போல்ட்டுத் துளைகளைக் கொண்டு மையம் பெறுவன. அவற்றை அத்துளைகளிற் பிடிக்கும் தனித் தட்டில் பொருத்திச் சுழற்றாவிடின், பொறி காட்டும் கணக்கே பிழையாகும்.

பட்டறை தொலைவில் உள்ளது என்னும் தடையும் கூறப்படும். புதிய டயர் நகரத்திலேயே வாங்கப்படுவதால், அங்கேயே சமன் செய்தல் அரிதன்று. களத்தில் பஞ்சர் ஒட்டும்போது, டயரைக் கழற்றுமுன் வால்வுக்கு நேரே டயரில் சுண்ணக்கட்டியால் ஒரு கோடிட்டு, திரும்பவும் அதே நிலையில் பொருத்தினால் பழைய சமன் பெரும்பாலும் காக்கப்படும்.

ஆசிரியர்களுக்கும் இது நல்ல பாடமாகும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி முன்சக்கரத்தைத் தானே நிற்கவிட்டால், கனத்த பகுதி கீழே வந்து நிற்கும். எதிர்ப்புறக் கம்பியில் சிறிது சிறிதாகச் செம்புக்கம்பி சுற்றி, சக்கரம் எந்நிலையிலும் நிற்குமாறு செய்யலாம். பின்பு ஒரு நட்டை ஒரு கம்பியில் இறுகக் கட்டி, முதலில் மெல்லவும் பிறகு விரைந்தும் சுழற்றினால், வேகம் கூடக் கூடச் சைக்கிள் முழுதும் குலுங்குவதை மாணவர் கண்ணாற் காண்பர். இருமடி விதியைச் சூத்திரமாக மனப்பாடம் செய்வதினும் இது மனத்தில் பதியும்.

கள அலுவலகங்கள் கொள்ளத்தக்க விதி எளியது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தைத் தாண்டும் எந்த வண்டியாயினும், முன்னே செல்வதோ பின்னே இழுபடுவதோ, டயர் மாற்றுந்தோறும் அதன் சக்கரங்களைச் சமன் செய்க, ஸ்டெப்னியையும் விடற்க. எருதுவண்டிக்கும் மெல்லச் செல்லும் டிராக்டர் டிரெய்லருக்கும் அச்செலவு வேண்டா. அப்பணம் காற்றழுத்தமானிக்கும் கிரீஸுக்கும் பயன்படட்டும். டயர் கழியும்போது அது தேய்ந்த விதத்தையும் பதிவேட்டில் குறித்து வைத்தால், விதி சரியாகப் பின்பற்றப்படுகின்றதா என்பதை அப்பதிவேடே காட்டிவிடும்.