செவிலியர் வகுப்பறையும் நோயாளியின் தமிழும்: கற்பித்தல் முறை ஒப்பீட்டில் விடுபட்ட ஒரு கூறு

முன்னுரை

செவிலியர் கல்வியில் எக்கற்பித்தல் முறை சிறந்தது என்னும் வினா புதியதன்று. விரிவுரை, செய்துகாட்டல், சிக்கல்வழிக் கற்றல், பாவனைப் பயிற்சி ஆகியவற்றை இரண்டிரண்டாக எதிரெதிர் நிறுத்தி, முன்தேர்வு, பின்தேர்வு மதிப்பெண்களைக் கொண்டு ஏற்றத்தாழ்வு காணும் ஆய்வுகள் செவிலியக் கல்வியாளர்களால் தொடர்ந்து மேற்கொள்ளப்படுகின்றன. அவற்றின் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும் முறைகளை ஒப்பிடும்போது, அம்முறைகள் எம்மொழியில் நிகழ்கின்றன என்பதையும் ஒரு கூறாகக் கொள்ளாவிடில் ஒப்பீடு முழுமை பெறாது; அக்கூற்றை ஆராயும் பொறுப்பு தமிழ்த்துறைகளுக்கும் உண்டு. இவ்விரண்டையுமே இக்கருத்துரை முன்வைக்கிறது.

முறைகளும் அவற்றின் அளவுகோலும்

விரிவுரை குறைந்த நேரத்தில் மிகுந்த செய்தியைத் தரும், மாணவரைப் பேசவைக்காது. செய்துகாட்டல் கைப்பழக்கத்தைத் தரும். நோயாளியோடு உரையாடக் கற்பிக்காது. 1963இல் அமெரிக்க மருத்துவர் ஓவர்டு பாரோசு அறிமுகப்படுத்திய பாவனை நோயாளி முறையும், 1969 முதல் கனடாவின் மெக்மாசுடர் பல்கலைக்கழகத்தில் வளர்ந்த சிக்கல்வழிக் கற்றலும் இக்குறைகளை ஈடுசெய்ய எழுந்தவை. அமெரிக்க மாநிலச் செவிலியர் வாரியங்களின் தேசிய மன்றம் 2014இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவமனைப் பயிற்சி நேரத்தில் பாதியளவு வரை தரமான பாவனைப் பயிற்சியால் ஈடுசெய்யப்பட்டாலும் மாணவர் தேர்ச்சி குறையவில்லை எனக் கண்டது.

இம்முடிவை இங்குப் பொருத்தும்போது ஒன்றைக் கருதுதல் வேண்டும். அங்கே பாடநூலின் மொழியும் பயிற்சியறையின் மொழியும் நோயாளிகளுள் பெரும்பாலோரின் மொழியும் ஒன்றே. நம் நிலை அதுவன்று. பாடநூல், தேர்வு, நோயாளிப் பதிவேடு ஆகியன ஆங்கிலம். நோயாளியின் வாய்மொழி தமிழ். பயிற்சியறையில் ஆங்கிலத்தில் வினவிப் பழகிய மாணவி, மருத்துவமனைக் கூடத்தில் தமிழில் வினவி ஆங்கிலத்தில் எழுதுகிறாள். இடையில் நிகழும் பெயர்ப்பை எம்முறையும் கற்பிப்பதில்லை, எத்தேர்வும் அளப்பதில்லை.

தாடிக்கொம்பிலிருந்து வரும் சொற்கள்

திண்டுக்கல்லிலிருந்து கரூர் செல்லும் வழியில், குடகனாற்றங்கரையில் அமைந்த தாடிக்கொம்பு, சௌந்தரராசப் பெருமாள் கோயில் மண்டபத்துச் சிற்பங்களால் ஆய்வாளர் அறிந்த ஊர். அவ்வூரிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் வாழும் உழவரும் ஆலைத் தொழிலாளரும் நோயுற்றால் திண்டுக்கல்லுக்கே வருகின்றனர். 2022 சனவரியில் திறந்துவைக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரியால் அந்நகரின் மருத்துவக் கல்வி விரிந்துள்ளது. அங்கு வரும் நோயாளி என்ன சொல்கிறார் என்பதே நம் ஆய்வுப்பொருள்.

‘நெஞ்சு கரிக்குது’, ‘நெஞ்சு அடைக்குது’, ‘நெஞ்சு பாரமா இருக்கு’, ‘நெஞ்சுல குத்துது’, ‘நெஞ்சு படபடங்குது’ என்பன ஐந்து வேறு உணர்வுகள். பதிவேட்டில் ஐந்தும் ‘நெஞ்சுவலி’ என்பதற்குரிய ஓர் ஆங்கிலத் தொடராகச் சுருங்கிவிடக்கூடும். கரிப்பு பெரும்பாலும் இரைப்பை அமிலத்தைச் சுட்டும். சிலபோது இதயநோயின் குறியாகவும் அமையும். பாரமும் அடைப்பும் உடனே இதய மின்பதிவு எடுக்கத் தூண்ட வேண்டியவை. சொல் வேறுபாடு இங்கு அணிநயமன்று. உயிர் காக்கும் குறிப்பு. ‘முழுகாம இருக்கா’ என்பதன் பொருளை அறியாத மாணவி, கருவுற்ற பெண்ணுக்குத் தரக்கூடாத மருந்தைக் குறித்து எச்சரிக்கத் தவறுவாள். ‘மேலுக்கு முடியல’ என்பதில் ‘மேல்’ உடலைக் குறிக்கும் என்பது வெளியூர் மாணவிக்கு விளங்காமற் போகலாம். கேரளத்திலிருந்து தமிழகத்திற்கு வந்து பயிலும் மாணவியர்க்கு இவ்விடர் இன்னும் மிகுதி.

தொல்காப்பியர் சொல்லை நான்காகப் பகுத்தபோது திசைச்சொல்லுக்கும் இடமளித்தார். செய்யுளுக்கு நாம் அளித்த அவ்விடத்தை நோயாளியின் வாய்மொழிக்கு இன்னும் அளிக்கவில்லை.

முன்னோர் செய்தது

மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கும் 950ஆம் குறள் நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு உழைச்செல்வானையும் ஒரு கூறாக வைத்தது. அருகிருந்து பணிபுரிபவர் என்னும் அப்பொருளில் இன்றைய செவிலியர் அடங்குவர். அகமரபில் செவிலிக்குத் தனிக் கூற்று உண்டு; அவள் பேசும் இடங்களைப் பொருளதிகாரம் வகுத்துரைக்கிறது. அப்பெயர் தாங்கிய மாணவி, தமிழ்வழியில் பள்ளிக்கல்வி முடித்தவளாயின், ஆங்கில வகுப்பறையில் வாய்திறக்கத் தயங்குவதை ஆசிரியர் பலரும் அறிவர்.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன் 1860களில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய நூல்கள் அம்முயற்சியின் பயன். திண்டுக்கல் வட்டாரத்தில் மருத்துவர் சௌந்தரம் இராமச்சந்திரன் 1947இல் தம் கணவருடன் நிறுவிய காந்திகிராமம், சிற்றூர் மக்களின் நலத்தை மையமாகக் கொண்டு மருத்துவப் பணியையும் பயிற்சியையும் வளர்த்தது. மக்களிடம் செல்லும் கல்வி மக்கள் மொழியில் தொடங்க வேண்டும் என்பதற்கு இவ்விரண்டும் சான்று.

ஒரு மறுப்பும் விடையும்

செவிலியர் அயல்நாடு செல்வர், அவர்க்கு ஆங்கிலம் இன்றியமையாதது என்பர். உண்மை. இந்தியச் செவிலியர் மன்றத்தின் 2021ஆம் ஆண்டுப் பட்டப்படிப்புப் பாடத்திட்டம் முதற்பருவத்திலேயே தொடர்புநிலை ஆங்கிலத்தை வைத்திருப்பதும் தக்கதே. ஆங்கிலத்தை அகற்றுக என்பது இக்கருத்துரையின் நோக்கமன்று. அயல்நாட்டு நோயாளிக்காக மொழிப்பயிற்சி வேண்டும் எனில், உள்ளூர் நோயாளிக்காகவும் அது வேண்டும் என்பதே இதன் வாதம்.

செய்யத்தக்கன

முதலாவதாக, தமிழ்த்துறைகள் வட்டாரந்தோறும் நோய்ச்சொற்களைக் கள ஆய்வில் திரட்டுதல் வேண்டும். நோயாளியின் இசைவும் மறைகாப்பும் பேணப்பட்டு, ஒவ்வொரு சொல்லின் மருத்துவப் பொருளும் மருத்துவர், செவிலியர் துணையோடு உறுதிசெய்யப்படுதல் இன்றியமையாதது. இரண்டாவதாக, அச்சொற்களைக் கொண்டு பாவனை நோயாளிக்குரிய உரையாடல்கள் எழுதப்பட வேண்டும். தாடிக்கொம்பு போன்ற ஊர்களின் மக்களே பயிற்சி பெற்று அவ்வேடம் ஏற்கலாம். மூன்றாவதாக, நோயாளிக்கு அறிவுரை கூறியபின் அதனை அவர் வாயாலேயே திருப்பிச் சொல்லவைக்கும் முறையைத் தமிழில் பயிற்றி, செய்முறைத் தேர்விலும் சேர்த்தல் வேண்டும்.

ஒப்பீட்டு ஆய்வின் வடிவமும் மாறுதல் நன்று. விரிவுரை, பாவனைப் பயிற்சி என்னும் இரண்டையும் ஆங்கிலம் மட்டும், ஆங்கிலத்தோடு தமிழ் என்னும் இருநிலைகளில் நடத்தினால் நான்கு குழுக்கள் அமையும். மாணவியின் மதிப்பெண்ணோடு, நோயாளி சொன்னவற்றுள் எத்தனை பிழையின்றிப் பதிவாயின, மாணவி சொன்னவற்றுள் எத்தனையை நோயாளி திருப்பிச் சொன்னார் என்பனவற்றையும் எண்ணுதல் வேண்டும். முறையின் பயன் எவ்வளவு, மொழியின் பயன் எவ்வளவு என்பது அப்போதே பிரித்தறியப்படும்.

முடிவுரை

கற்பித்தல் முறையின் வெற்றியைத் தேர்வுத்தாள் ஓரளவே காட்டும். நோயாளியின் படுக்கையருகே அது முழுமையாகப் புலனாகும். அங்கே பேசப்படும் தமிழ், தமிழாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டதன்று. ஏட்டுச்சுவடியின் பாடவேறுபாட்டை ஓர் எழுத்தும் விடாமல் குறித்த மரபு நம்முடையது. கரிப்பிற்கும் அடைப்பிற்கும் உள்ள வேறுபாட்டையும் அதே கவனத்துடன் குறித்துச் செவிலிய மாணவியர் கையில் தருதல் நம் கடன்.