புரியவில்லை என்றால் தமிழ் போதாதா?

“புரியவில்லை” என்று ஓர் இளையர் சொன்னால் உடனே அவருடைய தமிழைத்தான் சந்தேகிக்கிறார்கள். அண்மையில் ஒரு பல்லூடகப் பரிசோதனை நாடகத்தைப் பார்த்துவிட்டு வெளியே வந்தபோது எனக்கும் அதுதான் நடந்தது. “இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்குத் தமிழ் பத்தாதும்மா” என்றார் ஒரு பெரியவர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஒன்றரை மணி நேரத்தில் பேசப்பட்ட தமிழ் மொத்தமே இரண்டு பக்கம்தான் இருக்கும். அதில் எனக்குப் பொருள் தெரியாத சொல் ஒன்றுகூட இல்லை.

குழப்பியது மேடை. மூன்று திரைகள். ஒன்றில் பழைய கம்பத்து வீடுகள், இன்னொன்றில் ஓடிக்கொண்டே இருக்கும் கைப்பேசிக் குறுஞ்செய்திகள், நடுவில் நடிகரின் முகம். அவர் வாய் திறக்கவில்லை. பதிவுசெய்த குரல் எங்கிருந்தோ பேசுகிறது. என் தோழி கடைசிவரை இடப்பக்கத் திரையையே பார்த்தாளாம். நான் நடிகரைப் பார்த்தேன். ஒரே சீட்டில் இரண்டு நாடகம்!

குழப்பமே கூடாது என்று நான் சொல்லவில்லை. 1988ல் குவோ பாவ் குன் ‘மாமா லுக்கிங் ஃபார் ஹர் கேட்’ நாடகத்தை மேடையேற்றினார். (இந்த மாமா நம் மாமா அல்லர், அம்மா.) ஹொக்கியன், மாண்டரின், தமிழ், மலாய், ஆங்கிலம் எனப் பல மொழிகள் அதில் கலந்து வந்தன. மொழிபெயர்ப்பு வரிகள் கிடையாது. தாயின் மொழி பிள்ளைகளுக்கு எட்டாமல் போவதுதான் கதை. பார்ப்பவர்களுக்கும் அதே தவிப்பு. ஹொக்கியன் பேசும் தாயும் தமிழ் பேசும் முதியவரும் பூனையைப் பற்றிச் சைகையாலேயே பேசிக்கொள்வார்கள். அங்கே புரியாமைக்கு ஒரு வேலை இருந்தது.

நான் பார்த்த நாடகத்திலும் ஒரே ஒரு காட்சியில் அது இருந்தது. நடிகரின் முகத்தை நேரடியாகப் படமெடுத்து, சில விநாடிகள் தாமதமாகத் திரையில் காட்டினார்கள். மேடையில் அவர் அழுது முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திரையில் அப்போதுதான் அழத் தொடங்கினார். அரங்கில் ஓர் இருமல்கூட இல்லை. யாரும் விளக்கம் கேட்கவும் இல்லை. மற்ற நேரமெல்லாம் கருவிகள்தாம் நடித்தன.

பிறகு நடந்த கலந்துரையாடலில், மூன்று திரைகள் எதற்கு என்று கேட்டேன். “உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான் அர்த்தம்” என்றார்கள். எந்த நாடகத்துக்கும் பொருந்தக்கூடிய பதில். எனக்குப் பின் எழுந்தவர்கள் “அருமை”, “வித்தியாசம்” என்று சொல்லிவிட்டு அமர்ந்தார்கள். அவர்களில் இருவர் வெளியே என்னிடம், “நல்லவேளை நீ கேட்ட, எங்களுக்கும் ஒண்ணும் புரியல” என்றார்கள்.

தமிழ் நாடகத்துக்கு வருவோரே குறைவு, குறை சொன்னால் அவர்களும் நின்றுவிடுவார்கள் என்று அஞ்சுகிறோம். நான் அஞ்சுவது அந்த “அருமை”யைப் பற்றித்தான். அப்படிச் சொல்லிவிட்டுப் போகும் என் வகுப்பு நண்பர்கள் அடுத்த முறை வரமாட்டார்கள். ஏன் வரவில்லை என்று இயக்குநருக்குத் தெரியவும் தெரியாது.

அந்த அழுகைக் காட்சியை உருவாக்கியவர்கள் என்பதற்காகவே அவர்களுடைய அடுத்த நாடகத்துக்கும் போவேன். கேள்வி நேரத்தில் மறுபடியும் கையை உயர்த்துவேன்.